திரும்பி வருவேன் என்று சொன்னவர்



இன்று நாம் கேட்ட நற்செய்தி ஒரு சாலையில் நடக்கிறது. எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்குகிற சாலை. அதில் ஒருவன் அடிபட்டுக் கிடக்கிறான். ஒரு குரு அவனைப் பார்த்துவிட்டு விலகிப் போகிறார். லேவியர் ஒருவரும் அப்படியே போகிறார். பிறகு யாரும் எதிர்பாராத ஒரு சமாரியர் வந்து நிற்கிறார். லூக்கா 10-ஆம் அதிகாரத்தில் வரும் இந்த உவமையைச் சிறுவயது முதல் எத்தனையோ முறை கேட்டிருக்கிறீர்கள். மறைக்கல்வி வகுப்பில் நம் பிள்ளைகள் இதை நடித்தும் காட்டியிருக்கிறார்கள். ஆனாலும் கடைசியில் அந்தச் சமாரியர் சொல்லும் ஒரு வாக்கை நாம் வேகமாகக் கடந்துவிடுகிறோம். சாவடிப் பொறுப்பாளரிடம் இரண்டு தெனாரியத்தைக் கொடுத்தவர், இதற்கு மேல் செலவானால் நான் திரும்பி வரும்போது தந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

திரும்பி வருவேன் என்கிறார். காயத்தில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்ததோடு தன் கடமை முடிந்தது என்று அவர் நினைக்கவில்லை. அடிபட்டவன் எழுந்து உட்கார்ந்தானா, சாப்பிட்டானா, நடந்தானா என்று பார்க்க அவர் மறுபடியும் வருவார். அந்த ஒரு வாக்கை இன்று உங்களோடு சேர்ந்து தியானிக்க ஆசைப்படுகிறேன்.

நமக்கும் ஒரு சாலை இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை. விடுமுறை நாளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்த வழியாக மாமல்லபுரம் போகிறோம். ஆகஸ்ட் கடைசியில் காவி உடுத்தி, செபமாலை சொல்லிக்கொண்டு அதே சாலையில் வேளாங்கண்ணிக்கு நடக்கிறோம். சாலைக்கும் கடலுக்கும் நடுவே, சவுக்குத் தோப்புகளுக்குப் பின்னால் குப்பங்கள் இருக்கின்றன. அங்கே நம்மில் எத்தனை பேர் வண்டியை விட்டு இறங்கிப் போயிருக்கிறோம்? போனவர்களிலும் எத்தனை பேர் மறுபடி போனோம்? இதைக் குற்றம் சாட்டுவதற்காகக் கேட்கவில்லை. இந்த உவமையை ஆண்டவரிடம் கேட்ட திருச்சட்ட அறிஞரின் உள்ளத்தையும் அவர் கேள்வி கேட்டுத்தான் திறந்தார்.

அண்மையில் நம் பங்கின் சிறு குழுக்களான அன்பியங்களின் பொறுப்பாளர்களும் இளையோரும் நானுமாக ஒரு வேனில் புறப்பட்டோம். வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் போய், அங்கிருந்து கடலோரமாகவே தெற்கே கல்பாக்கம் வரை சென்று, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு வந்து சேர்ந்தோம். சுனாமியும் புயல்களும் வெள்ளமும் மாறி மாறி வந்துபோன அந்தக் கரையில் மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்த்துக் கேட்டு வரவேண்டும் என்பதே நோக்கம். நாங்கள் கேட்டவற்றை நற்செய்தியின் வெளிச்சத்தில் உங்கள் முன் வைக்கிறேன்.

கோவளத்தில் கார்மேல் அன்னை ஆலயத்தில் முதலில் முழந்தாளிட்டோம். ஜான் டி மான்டி என்ற வணிகர் 1808-இல் கட்டிய ஆலயம் அது. அதே ஊரில் தமீம் அன்சாரி தர்காவும் இருக்கிறது. கரையில் வரிசையாக ஃபைபர் படகுகள், குவித்து வைத்த வலைகள், காய்ந்துகொண்டிருக்கும் கருவாடு. அங்கே பெரியவர்களோடு உட்கார்ந்தால் பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்து நிற்கிறது. 2004 டிசம்பர் 26. கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கு மறுநாள். திருச்சபை அன்று திருக்குடும்ப விழாவைக் கொண்டாடியது. காலை ஆறரை மணி அளவில் சுமத்ரா தீவை ஒட்டிக் கடலடியில் பூமி அதிர்ந்தது. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்து, பல ஊர்களில் காலைத் திருப்பலி நடந்துகொண்டிருந்த வேளையில், கடல் நம் கரைக்குள் வந்தது.

அன்றைய திருப்பலி நற்செய்தி எது தெரியுமா? மத்தேயு 2-ஆம் அதிகாரம். பச்சைக் குழந்தையையும் அதன் தாயையும் கூட்டிக்கொண்டு யோசேப்பு இரவோடு இரவாக எகிப்துக்கு ஓடுகிற பகுதி. அதைக் கேட்டுவிட்டு வந்த குடும்பங்கள் சற்று நேரத்தில் தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடின. தமிழ்நாட்டில் ஏறக்குறைய 8,000 பேர் மாண்டார்கள். அவர்களில் 6,000 பேருக்கு மேல் நாகப்பட்டினம் மாவட்டத்தவர்கள். அன்னையின் முகம் காண வேளாங்கண்ணிக்கு வந்த திருப்பயணிகளும் அவர்களில் இருந்தார்கள். நாகையோடு ஒப்பிட்டால் நம் கரையில் உயிரிழப்பு குறைவுதான். ஆனால் ஒரே பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் போய் குறைவு என்று சொல்ல முடியுமா?

"நாங்க என்ன சாமி பாவம் செஞ்சோம்?" இந்தக் கேள்வியை அந்தக் கரையில் கேட்காத வீடு இல்லை. கிறிஸ்துமஸ் திருப்பலியில் பங்கெடுத்து, பாலன் இயேசுவை முத்தி செய்துவிட்டு வந்த மக்கள் கேட்கிறார்கள். நாம் என்ன பதில் சொல்வது? கடவுள் தண்டித்தார் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள்.

அன்பானவர்களே, ஆண்டவரிடமே இந்தக் கேள்வி ஒருமுறை வந்தது. லூக்கா 13-ஆம் அதிகாரத்தில் அதை வாசிக்கிறோம். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்துபோனார்கள். அவர்கள் மற்ற எல்லாரையும்விடப் பெரிய குற்றவாளிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொன்னார். செத்தவர்களின் கணக்கைப் பார்க்காமல் நாம் ஒவ்வொருவரும் மனம் மாறவேண்டும் என்றார். ஆகவே கடலில் போனவர்கள் பாவிகள் என்று நம் வாயிலிருந்து ஒருபோதும் வரக்கூடாது. பேரழிவின் காரணத்தை நம்மால் விளக்க முடியாமல் போகலாம். ஆனால் நம் கடவுள் யார் என்று நமக்குத் தெரியும். இலாசரின் சாவுக்காக அழுதவர் அவர். நம் மக்கள் அழுத கரையிலும் அவர் அழுதுகொண்டு நின்றார் என்று நான் முழு உள்ளத்தோடு நம்புகிறேன்.

ஒரு குப்பத்தில் வயதான அம்மா ஒருவர் எங்களைத் திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்தார். பேசிக்கொண்டே இருந்தவர் திடீரென்று, "கையைப் புடிச்சிக்கிட்டுதான் சாமி ஓடினேன், விட்டுட்டேன்" என்றார். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தத் தாயின் விரல்கள் ஒரு பிள்ளையின் கையைத் தேடுகின்றன. அவரைப் போன்ற தாய்மாரும் தகப்பன்மாரும் அந்தக் கரை நெடுகிலும் இருக்கிறார்கள். நம் பங்கிலும் இருக்கலாம். பிள்ளையைக் காப்பாற்ற முடியாமல் போனவர்கள், மருத்துவமனைக்குக் கொண்டுபோக நேரமானவர்கள், கடைசியாகப் பேசிய வார்த்தை கோபமான வார்த்தையாகிப் போனவர்கள். உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். நீங்கள் கையை விடவில்லை. தண்ணீர் பிடுங்கிக்கொண்டு போனது. நீங்கள் பிடித்திருந்த அந்தச் சின்னக் கையைப் பிறகு பிடித்துக்கொண்டவர் ஒருவர் இருக்கிறார். அவர் பிடியிலிருந்து யாரும் எதையும் பறித்துவிட முடியாது. அந்த அம்மாவிடமும் இதைத்தான் சொன்னேன். அவர் அழுதார். எங்கள் இளம்பெண் ஒருத்தி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நாங்கள் கிளம்பும்வரை அந்தக் கையை விடவே இல்லை.

சகோதர சகோதரிகளே, சுனாமி வந்த நாள்களில் உலகம் முழுவதும் நம் கரைக்கு ஓடி வந்தது. அப்போது நம் செங்கல்பட்டு மறைமாவட்டம் உருவாகி இரண்டரை ஆண்டுகூட ஆகவில்லை. பள்ளிக்கூடங்களிலும் ஆலயங்களிலும் மக்கள் தங்கினார்கள். பெரிய பெரிய அண்டாக்களில் சோறு வெந்தது. யார் எந்த மதம் என்று யாரும் கேட்கவில்லை. பரங்கிப்பேட்டையில் ஜமாத்தார் சுற்றியிருந்த மீனவக் கிராமங்களுக்குச் சோறாக்கிக் கொடுத்தார்கள். அடிபட்டவனிடம் நெருங்கி வந்தவர் வேற்றினத்தவராக இருந்தார் என்று ஆண்டவர் சொன்ன உவமை நம் கண் முன்னே நடந்தது. அந்த நாள்களுக்காக இன்றும் கடவுளுக்கு நன்றி சொல்வோம்.

ஆனால் நன்றியோடு சேர்த்து ஓர் ஆய்வும் வேண்டும். அந்த நாள்களில் லாரி லாரியாகப் பழைய துணி வந்தது. கொடுத்தவர்களின் மனம் நல்ல மனம்தான். ஆனால் நேற்றுவரை உழைத்துச் சம்பாதித்து, நல்ல நாளுக்குப் புதுத்துணி எடுத்து உடுத்திய மக்கள் அவர்கள். அந்தத் துணிகள் பல ஊர்களில் பிரிக்காத மூட்டைகளாகச் சாலையோரத்தில் கிடந்தன. படகுகளும் அப்படித்தான் வந்தன. கட்டுமரம் இருந்த இடங்களில் ஃபைபர் படகுகள் நிறைந்தன. சில இடங்களில் கடலில் இருக்கும் மீனுக்குத் தேவையானதைவிட அதிகமாகவே படகுகள் சேர்ந்துவிட்டன. படகு வைத்திருந்தவருக்குப் படகு கிடைத்தது. தலைச்சுமையாகக் கூடையில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்கும் பெண்ணுக்கு என்ன போயிற்று என்று கணக்கெடுத்தவர்கள் குறைவு. உப்பங்கழியில் முட்டளவு தண்ணீரில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் குடும்பங்களிடம் படகும் இல்லை, பட்டாவும் இல்லை. மீனவர் பட்டியலில் அவர்கள் பெயரும் இல்லை. பல இடங்களில் நிவாரணம் அவர்களையும் தலித் மக்களையும் தாண்டிப் போனது.

கொடுப்பதற்கு முன் நாம் கேட்டோமா? வரிசையில் நிற்கத் தெரியாதவர் யார், வரிசைக்கு வரவே பயப்படுகிறவர் யார் என்று பார்த்தோமா? உவமையில் வரும் சமாரியர் முதலில் அருகில் போகிறார். காயம் எங்கே இருக்கிறது என்று பார்க்கிறார். பிறகுதான் எண்ணெயை எடுக்கிறார். தூரத்தில் நின்று எறியப்படும் உதவி பசியை ஆற்றலாம், மனிதனை எழுப்பாது. இதைக் கேட்டு மனம் கலங்க வேண்டாம். திரும்பிப் போகிறவர்களுக்கு இரண்டாவது வாய்ப்பு எப்போதும் உண்டு. முதல் தடவை பார்க்காமல் விட்டவரை அடுத்த தடவை பார்க்கலாம். அதற்காகவே கடவுள் நமக்கு நாள்களைக் கூட்டிக் கொடுக்கிறார்.

கோவளத்திலிருந்து தெற்கே வரும்போது நெம்மேலி குப்பத்தில் இறங்கினோம். ஒரே காலையில் வந்துபோகும் அழிவு அங்கே இல்லை. கரை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. படகை இழுத்து ஏற்ற இடம் குறைகிறது. கரைவலை இழுக்க மணல் வேண்டும், மீன் காயப்போட மணல் வேண்டும், பிள்ளைகள் ஓடி விளையாட மணல் வேண்டும். அந்த மணல் போய்க்கொண்டே இருக்கிறது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கொக்கிலமேட்டிலும் இதே கவலைதான்.

இது எப்படி நடக்கிறது என்பதை மீனவர்களே எங்களுக்கு விளக்கினார்கள். நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே கொண்டுபோகின்றன. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் அது திசை மாறித் தெற்கே வருகிறது. நடுவில் துறைமுகச் சுவரோ, தூண்டில் வளைவு என்று கற்களால் கட்டிய தடுப்போ நின்றால் அதன் தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் கரை அரிபடும். புதுச்சேரியில் 1980-களில் துறைமுகம் கட்டிய பிறகு அந்த ஊரின் மணற்கரை போனது இப்படித்தான். தூண்டில் வளைவு கட்டினால் கட்டிய ஊரில் கரை நிற்கும். அதற்கு வடக்கே இருக்கும் ஊருக்குக் கடலரிப்பு நகர்ந்துவிடும். பிறகு அந்த ஊரும் தூண்டில் வளைவு கேட்கும். அதற்கு அடுத்த ஊரும் கேட்கும்.

எனக்கு அடுத்தவர் யார் என்று திருச்சட்ட அறிஞர் இயேசுவிடம் கேட்டார். இந்தக் கரையில் அந்தக் கேள்விக்குப் பதில் மிகத் தெளிவாக இருக்கிறது. உனக்கு அடுத்தவர், உனக்கு வடக்கே இருக்கும் குப்பத்துக்காரர். உன் கரையைக் காப்பாற்ற நீ போடும் கல் அவர் வீட்டு வாசலை உடைக்கக்கூடும். இது கடற்கரைக்கு மட்டும் உரிய பாடமா? மழைக்காலத்தில் என் மனையில் தண்ணீர் நிற்கக்கூடாது என்று மண்ணைக் கொட்டி மேடாக்கும்போது அந்தத் தண்ணீர் யார் வீட்டுக்குப் போகிறது? ஏரிக்குள் வீடு கட்டி ஏரியின் தண்ணீரைத் துரத்தும்போது அது எங்கே போய்ச் சேர்கிறது? திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய 'லவுதாத்தோ சி' சுற்றுமடல் பூமியின் அழுகையும் ஏழைகளின் அழுகையும் சேர்ந்தே கேட்கின்றன என்று நமக்குக் காட்டியது. ஒரு குப்பம் மற்றக் குப்பத்தோடு உட்கார்ந்து பேசி, கரை முழுவதற்கும் சேர்த்து வழி கேட்கும்போது கடவுளின் அரசு அங்கே நெருங்கி வருகிறது. அப்படிப் பேசத் தொடங்கியிருக்கும் பெரியவர்களை நாங்கள் சந்தித்தோம். நம்பிக்கையோடு திரும்பினோம்.

மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால் புலிக்குகைக்குப் பக்கத்தில் சாளுவன்குப்பம் இருக்கிறது. சுனாமி மணலை அரித்துக்கொண்டு போனதில் அங்கே ஒரு பாறையில் இருந்த கல்வெட்டு வெளியே தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு 2005-இல் தொல்லியல் துறையினர் தோண்டியபோது பழைய முருகன் கோயில் ஒன்று கிடைத்தது. பல்லவர் காலத்துக் கற்கட்டடத்துக்கு அடியில் அதைவிடப் பழைய செங்கல் கட்டடம். கடல் பொங்கி அந்தப் பழைய கோயிலை அழித்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்னால் இந்தக் கரையில் வாழ்ந்த நம் முன்னோர், இடிந்ததன் மேலேயே மறுபடி கட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்தபோது நம் மக்களின் நெஞ்சுரம் எவ்வளவு பழையது என்று புரிந்தது. அந்த நெஞ்சுரத்தை அவர்களுக்குள் வைத்தவரும் படைத்த கடவுளே.

அந்த நெஞ்சுரம் இன்றும் சோதிக்கப்படுகிறது. 2012 அக்டோபர் 31 அன்று நீலம் புயல் மாமல்லபுரம் அருகே கரை ஏறியது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா. 2022 டிசம்பர் 9 நள்ளிரவில் மாண்டஸ் புயல் மறுபடியும் மாமல்லபுரம் அருகிலேயே கரையைக் கடந்தது. கடற்கரையில் படகுகளும் வலைகளும் நாசமாயின. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே வந்தபோதும் நம் குப்பத்து மக்கள் உறங்கவில்லை. ஒவ்வொரு தடவையும் செய்தியாளர்கள் வந்து போகிறார்கள். விழுந்த மரங்கள் அகற்றப்படுகின்றன. மின்சாரம் வருகிறது. நாம் மறந்துவிடுகிறோம். படகுக்கு வாங்கிய கடன் மட்டும் மறப்பதில்லை. அது மாதாமாதம் வாசலில் வந்து நிற்கிறது. கிழிந்த வலையை யாரும் ஒரே இழுப்பில் சரி செய்வதில்லை. கண்ணி கண்ணியாக, நாள் கணக்கில் உட்கார்ந்து பின்னுகிறார்கள். உடைந்த குடும்பத்தை எடுத்து நிறுத்தும் இரக்கமும் அந்த வேலையைப் போன்றதுதான். அதற்கு உட்காரும் பொறுமை வேண்டும், நாளைக்கும் வரும் மனம் வேண்டும்.

அன்பு மக்களே, அடிபட்டுக் கிடந்தவன் பிறகு என்ன ஆனான் என்று உவமை சொல்லவில்லை. ஆனால் நம் கரையில் அடிபட்டவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று நாம் பார்த்திருக்கிறோம். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் 24 மணி நேரத்துக்குள் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூர் தண்ணீரில் நின்றது. சென்னையில் மாடிகளில் ஏறிக்கொண்டு மக்கள் உதவி கேட்டுக் கத்தினார்கள். அப்போது யார் வந்தார்கள்? கடலோரக் குப்பங்களிலிருந்து மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். தெருக்களில் படகு ஓட்டினார்கள். கர்ப்பிணிகளையும் முதியவர்களையும் தோளில் தூக்கி இறக்கினார்கள். 11 ஆண்டுகளுக்கு முன் நாம் யாருக்குச் சோறு கொண்டுபோனோமோ அவர்கள் நம் உயிரைக் காப்பாற்ற வந்தார்கள். 2018 ஆகஸ்டில் கேரளம் மூழ்கியபோதும் அந்த மாநிலத்து மீனவர்கள் இப்படியே இறங்கினார்கள்.

சென்னை வெள்ளம் வடிந்துகொண்டிருந்த வாரத்தில், 2015 டிசம்பர் 8 அன்று, திருத்தந்தை பிரான்சிஸ் உரோமையில் புனிதக் கதவைத் திறந்து இரக்கத்தின் யூபிலி ஆண்டைத் தொடங்கி வைத்தார். அதே நாள்களில் நம் ஊர்களில் சேறு படிந்த வீட்டுக் கதவுகளைத் திறந்து உள்ளே சென்றவர்கள் நம் மீனவ சகோதரர்களும் அவர்களோடு சேர்ந்த ஆயிரக்கணக்கான இளைஞர்களும். பெறுகிறவர் என்றும் பெறுகிறவராகவே இருப்பார் என்று நாம் நினைப்பது தவறு என்பதை அந்த நாள்கள் நமக்குக் கற்றுக்கொடுத்தன. உதவி பெற்றவரை நாம் என்றைக்கும் குனிந்து பார்க்கக்கூடாது. நாளை நம்மைத் தூக்கப்போகும் தோள் அவருடையதாக இருக்கலாம்.

கடைசியாகக் கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம் பக்கம் வந்தோம். சுனாமி அன்று அங்கே கடல்நீர் அணுமின் நிலையத்தின் நீரேற்றும் பகுதிக்குள் புகுந்தது. உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது. ஆனால் நகரியத்திலும் அடுத்திருந்த குப்பங்களிலும் உயிர்கள் போயின. அன்று கரையில் இருந்தவர்களுக்குச் சொல்லிவிட ஆளில்லை. ஆனால் புதுச்சேரியின் நல்லவாடு கிராமத்துக்கு அந்தக் காலை வேறு விதமாக அமைந்தது. அந்த ஊரைச் சேர்ந்த ஒருவர் தாம் வேலை பார்த்த சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் எச்சரித்தார். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்திருந்த தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் ஊருக்கு அறிவித்தார்கள். மக்கள் ஓடித் தப்பினார்கள். ஒருவர் தன் ஊரை மறக்கவில்லை என்பதால் ஒரு ஊரே பிழைத்தது.

2007 அக்டோபர் முதல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவை ஒட்டி மறுபடியும் பெரிய நிலநடுக்கம் வந்தபோது எச்சரிக்கை வந்தது. மக்கள் கரையை விட்டு வெளியேறினார்கள். பெரிய அலை வரவில்லை. அன்று வீணாக ஓடினோமே என்று யாரும் வருத்தப்பட வேண்டாம். அடுத்தவருக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பதும், சொன்னதைக் கேட்டு எழுந்து போவதும் அன்பின் செயல்கள். கனவில் கேட்ட எச்சரிப்புக்குக் கீழ்ப்படிந்து எழுந்த யோசேப்பு நமக்கு அதைத்தான் காட்டினார்.

அன்பார்ந்தவர்களே, உயிர்த்த ஆண்டவர் தம் சீடர்களைத் தேடி ஒரு கடற்கரைக்குத் திரும்பி வந்தார். யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில் அதை வாசிக்கிறோம். இரவெல்லாம் உழைத்தும் அவர்களுக்கு மீன் கிடைக்கவில்லை. அவர்களில் ஒருவர் ஆண்டவரை மறுதலித்திருந்தார். மற்றவர்களில் பெரும்பாலோர் அவரை விட்டு ஓடியவர்கள். அவர் யாரையும் கண்டிக்கவில்லை. கரியில் தீ மூட்டி, மீனும் அப்பமும் வைத்து, பசியோடு வந்தவர்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். திரும்பி வருவேன் என்று சொன்ன சமாரியர் யார் என்று திருச்சபையின் தந்தையர் பலர் கேட்டு, அவர் கிறிஸ்துவே என்று கண்டுகொண்டார்கள். அடிபட்டுக் கிடந்தது நாம். நம்மைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அவர். நம்மைத் திருச்சபையின் கையில் ஒப்படைத்துவிட்டு, மறுபடியும் வருவேன் என்று வாக்குக் கொடுத்தவரும் அவரே. இந்த நற்கருணைப் பலியில் அவர் நாள்தோறும் திரும்பி வருகிறார். இத்தனை முறை நம்மிடம் திரும்பி வருகிறவரை வணங்கும் நாம், ஒருமுறை போய்ப் பார்த்தோம், போதும் என்று சொல்லலாமா?

ஆகவே நம் பங்குக்கு என் வேண்டுதல்களைச் சொல்லி முடிக்கிறேன். ஒவ்வோர் அன்பியமும் ஒரு குப்பத்தைத் தன் உறவாக ஏற்றுக்கொள்ளட்டும். புயல் வரும்போது மட்டும் போகாமல், திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் துக்கத்துக்கும் போய் வாருங்கள். உங்கள் வீட்டு வாசலில் கூடையை இறக்கும் மீன்காரம்மாவிடம் பத்து ரூபாய்க்காகப் பேரம் பேசாதீர்கள். பெயரைக் கேளுங்கள், ஒரு சொம்பு தண்ணீர் கொடுங்கள். படித்த இளையோரே, இருளர் குடும்பங்களுக்குச் சாதிச் சான்றிதழும் ரேஷன் அட்டையும் பெற விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். அலுவலகத்துக்குக் கூடவே போங்கள். வீடு கட்டுகிறவர்களே, உங்கள் மண் யார் வீட்டுக்குத் தண்ணீரைத் தள்ளுகிறது என்று ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

வருகிற டிசம்பர் 26 அன்று இறந்தவர்களுக்காகத் திருப்பலி நிறைவேற்றிவிட்டு, நாம் மறுபடியும் அதே சாலையில் அதே வீடுகளுக்குப் போகிறோம். மூட்டை எதுவும் கட்ட வேண்டாம். முழு நாளையும் ஒதுக்கிக்கொண்டு வாருங்கள். திருப்பலி முடிந்ததும் உங்கள் அன்பியப் பொறுப்பாளரிடம் பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள். இரக்கத்தின் ஆண்டவர் உங்களையும் உங்கள் குடும்பங்களையும், கடலில் இருப்போர் கரையில் காத்திருப்போர் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.